ஹனோராவைத் தேடப் போனவள்

அனுசூயாவுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பாட்டுக்கு நடுவே எழுந்து ஜன்னல் வரை போய்விட்டு வருவாள். பேசிக்கொண்டிருக்கும்போது கை சும்மா இராது. மேஜை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டும், பிரிக்கும், மறுபடி சுருட்டும். கல்யாணமான புதிதில் அவள் கணவர் ரகுநாதனுக்கு இது வேடிக்கையாக இருந்தது. மாண்ட்ரியல் வந்த பிறகு கவலையாகிவிட்டது.

அவர் மெக்கானிக்கல் எஞ்சினியர். புவாண்ட்-கிளேரில் வேலை கிடைத்து முதலில் அவர் வந்தார். 1968-இல் அவள் வந்து சேர்ந்தாள். சென்னையில் சரித்திரத்தில் எம்.ஏ. முடித்து ஒரு பெண்கள் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள். இங்கே கோட்-தெ-நேஜில் மூன்றாவது மாடி ஃபிளாட். காலையில் அவர் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினால் வீடு அடங்கிவிடும். வெந்நீர்க் குழாய்கள் மட்டும் சுவருக்குள் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருக்கும். அதைக் கேட்டுக்கொண்டு அவளால் இருக்க முடியாது. கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கி, எந்த பஸ் முதலில் வருகிறதோ அதில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போவாள். அங்கே கொஞ்ச தூரம் பனியை மிதித்து நடந்துவிட்டுத் திரும்புவாள். எங்கே போயிருந்தாய் என்று ரகுநாதன் கேட்டால் எங்குமில்லை என்பாள். அது உண்மைதான்.

அப்படித் திரிந்த ஒரு நாள், பல்கலைக்கழக நூலகத்தில் குளிருக்கு ஒதுங்கியபோது, அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைப் பார்த்தாள். ஹாலிடே என்கிற பேராசிரியர் நூறு வருஷத்துக்கு முந்தைய மாண்ட்ரியல் எப்படி வளர்ந்தது என்று ஆராய்ச்சி செய்கிறார். பழைய ஜனத்தொகைக் கணக்கெடுப்பின் மைக்ரோஃபிலிமைப் படித்து, கம்ப்யூட்டரில் செலுத்தும் துளை அட்டைக்குத் தோதாகக் குறித்துத் தர ஆட்கள் வேண்டும் என்று எழுதியிருந்தது. அன்றைக்கே மாடியேறிப் போய்க் கேட்டாள். ஹாலிடே நெட்டையான, சாந்தமான மனிதர். கணக்கெடுப்பு ஏடு ஒன்றின் நகலை நீட்டி, இதைப் படிக்க முடிகிறதா என்றார். சென்னை ஆவணக் காப்பகத்தில் பழைய கலெக்டர்களின் கிறுக்கலோடு மல்லுக்கட்டியவள் அவள். தடங்கலில்லாமல் படித்தாள். மறுநாளே வரச் சொல்லிவிட்டார்.

வேலை ஒரு இருட்டறையில். படச்சுருளைக் கருவியில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். விளக்குச் சூட்டில் முகம் காயும். திரையில் வீடு வீடாக, தெருத் தெருவாக, நகரம் மேலேறிப் போகும். குடும்பத் தலைவர் பெயர், தொழில், பிறந்த நாடு, மதம், வயது. அவள் கால்கள் முதல்முறையாக ஓரிடத்தில் நின்றன. அவளுக்குப் பதிலாகப் படச்சுருள் ஓடிக்கொண்டிருந்தது.

வேலைக்காரர்களைப் பற்றி ஹாலிடே கொடுத்திருந்த விதி எளிமையானது. ஒரு வீட்டில் எத்தனை வேலையாட்கள் என்று எண்ணிக்கையை மட்டும் குறித்தால் போதும். அவர்கள் பெயர் தேவையில்லை. ஏன் என்று அனுசூயா கேட்டாள். அவர் பொறுமையாகவே விளக்கினார். அந்தப் பெண்கள் வருஷத்துக்கு ஒரு வீடு மாறுவார்கள், வயதை மாற்றிச் சொல்வார்கள், கல்யாணம் செய்துகொண்டு காணாமல் போவார்கள். ஒரு கணக்கெடுப்பிலிருந்து அடுத்ததற்கு அவர்களைத் தொடர்ந்து போக முடியாது. முடியாத வேலையில் இறங்கினால் திட்டம் முடியாது.

நியாயமாகத்தான் இருந்தது. கொஞ்ச நாள் அவளும் அப்படியே செய்தாள். மலைச்சரிவில் இருந்த பெரிய கல் வீடுகளுக்கு மூன்று, நான்கு என்று போடுவாள். பிறகு ஒரு நாள் 1861-ஆம் வருஷத்து ஏட்டில் ஓர் இரும்பு வியாபாரியின் வீட்டுக்கு வந்தாள். வியாபாரி, மனைவி, ஆறு பிள்ளைகள். அதற்குக் கீழே கடைசி வரியில் ஒரு வேலைக்காரி. அயர்லாந்து, ரோமன் கத்தோலிக்கர், வயது பத்தொன்பது, கல்யாணமாகாதவள். கணக்கெடுத்தவர் முதலில் 'நோரா' என்று எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் 'ஹனோரா கீஃப்' என்று முழுதாக எழுதியிருந்தார்.

அனுசூயா கைப்பிடியைச் சுற்றாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஏட்டில் வேறெந்த வேலைக்காரியின் பெயரும் திருத்தப்படவில்லை. எஜமானியம்மாள் நோரா என்றுதான் கூப்பிட்டிருப்பாள். யாரோ அப்படியில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அவளைத் தவிர வேறு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

அன்று தொடங்கியது. திட்டத்து வேலை முடிந்ததும், 1871-ஆம் வருஷத்துச் சுருள்களை எடுத்து வைத்துக்கொண்டு ஹனோராவைத் தேட ஆரம்பித்தாள். அந்தக் கணக்கெடுப்பில் யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதும் வழக்கமே இல்லை. ஒரு வீட்டு வரிசையில் கடைசியில் வேறு குடும்பப் பெயர் வந்தால், அவள்தான் வேலைக்காரி என்று ஊகிக்க வேண்டியதுதான். வாரக் கணக்கில் ஊகித்தாள். ராத்திரி கண்ணை மூடினால் கையெழுத்து ஓடியது. சாதத்தை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனாள். கடைசியில் அதே மலைச்சரிவில், இரண்டு தெரு கீழே, ஒரு வக்கீல் வீட்டில் ஒரு ஹனோரா கீஃப் அகப்பட்டாள். சமையல்காரி. வயது இருபத்தாறு. பத்து வருஷத்தில் ஏழு வயதுதான் கூடியிருந்தது. அதே பெண்ணா, வேறொருத்தியா? அதற்கடுத்த கணக்கெடுப்பு இன்னும் பொதுமக்கள் பார்வைக்கு வரவில்லை. கதவு அங்கேயே சாத்திக்கொண்டது.

"செத்துப்போனவளுக்காக இப்படித் தவிப்பானேன்?" என்றார் ரகுநாதன். கேலியாக இல்லை, உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

அந்தக் காலத்தில் மாண்ட்ரியலில் தமிழ்க் குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். டாக்டர்கள், பேராசிரியர்கள், எஞ்சினியர்கள். தீபாவளியும் பொங்கலும் பெரும்பாலும் டாக்டர் நாகசுப்பிரமணியன் வீட்டில்தான் நடக்கும். அவர் இல்-பிசார் தீவில் தோட்டத்தோடு தனி வீடு வாங்கியிருந்தார். ரகுநாதன் முதன்முதலில் வந்து இறங்கியபோது விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப் போய், வீடு கிடைக்கும் வரை தன் வீட்டிலேயே வைத்துச் சோறு போட்டவர். அவர் மனைவி அம்புஜம் வாய் நிறையப் பேசுவாள், கை நிறையக் கொடுப்பாள். இரண்டாவது பிரசவத்துக்கு அம்புஜத்தின் அம்மாவால் வர முடியாமல் போனது. அவர்கள் மாயவரம் வீட்டில் சிறு வயது முதல் வேலை செய்துவந்த தையல்நாயகியை 1970-இல் விசிட்டர் விசாவில் வரவழைத்தார்கள்.

தையல்நாயகிக்கு முப்பது வயதுக்கு மேலிருக்கும். புருஷன் எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டான். வீட்டின் அடித்தளத்தில், துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில், அவளுக்கு ஒரு அறை. கைக்குழந்தை அவளிடம்தான் தூங்கும். விருந்து நாட்களில் அவள் சமையலறையில் வடை தட்டிக்கொண்டிருப்பாள். முன்னறையில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அனுசூயா காப்பி டம்ளரைக் கொண்டுபோய் வைக்கும்போது, "நல்லா இருக்கியா?" என்பாள். "இருக்கேன்மா" என்று பதில் வரும். அதோடு முடிந்துவிடும்.

1971 ஜூன் மாதம் கனடா முழுக்கக் கணக்கெடுப்பு நடந்தது. அந்தத் தடவை ஆள் வந்து எழுதிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வீடு படிவம் வந்தது, அவரவரே பூர்த்தி செய்துகொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் போயிருந்தபோது டாக்டர் அந்தப் படிவத்தை எடுத்து வந்து அனுசூயாவிடம் கொடுத்தார். "இது உன் டிபார்ட்மெண்டு. நீயே எழுதிடு" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் பேனாவை எடுத்தாள். டாக்டர் பெயர், அம்புஜம் பெயர், இரண்டு குழந்தைகள். எழுதிவிட்டு, அடுத்து தையல்நாயகிதானே, வயது எத்தனை என்று கேட்டாள்.

"அவ பேர் வேண்டாம். அவ விசிட்டர்" என்றார் டாக்டர். அவள் விசா குளிர்காலத்திலேயே முடிந்துவிட்டது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவர் மெதுவாகப் படிவத்தை அவள் கையிலிருந்து வாங்கி, கையெழுத்துப் போட்டு உறைக்குள் வைத்தார். சமையலறையில் கரண்டிச் சத்தம் ஒரு நிமிஷம் நின்று மறுபடி கேட்டது.

திரும்பும் வழியில் காருக்குள் அனுசூயாவால் இருப்புக்கொள்ளவில்லை. கண்ணாடியை இறக்கினாள், ஏற்றினாள். நூறு வருஷத்துக்கு முன்னால் ஓர் இரும்பு வியாபாரிகூடத் தன் வீட்டு வேலைக்காரியின் பெயரை எழுத விட்டிருக்கிறான் என்றாள். ரகுநாதன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, டாக்டருக்கும் பயம் இருக்காதா, ஒருவரிடம் இவ்வளவு உபகாரம் வாங்கிக்கொண்டு அவரைப் பற்றி இப்படிப் பேசலாமா என்றார்.

அடுத்த இரண்டு வருஷம் அவள் ஹனோராவைத்தான் தேடினாள். தையல்நாயகி விஷயத்தில் செய்ய ஒன்றும் இல்லை, ஹனோரா விஷயத்தில் இருந்தது என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். ஹாலிடேயின் திட்டத்தை விட்டு விலகி, அதே துறையில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தாள். வேலைக்காரிகளைத் தொடர்ந்து போக முடியும் என்று நிரூபிப்பதே ஆராய்ச்சி. ஹாலிடே தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டார்.

அப்போதுதான் அவளுக்கு ஒரு வழி தெரிந்தது. எஜமானர் வீட்டு வரிசையில் தேடுவதால்தான் அகப்படமாட்டேன் என்கிறார்கள். வேலை ஓய்ந்த நாளில் அவர்கள் எங்கே போனார்களோ அங்கே தேட வேண்டும். இந்த மாகாணத்தின் கத்தோலிக்கத் தேவாலயங்களில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணமானாலும் பிறந்த வீட்டுப் பெயரில்தான் எழுதுவார்கள். ஆற்றோரத்து ஐரிஷ் மக்களின் ஞானஸ்நானப் பதிவுகளைப் புரட்டினாள். ஹனோரா கீஃப் அங்கே இருந்தாள். ஒரு வண்டிக்காரன் குழந்தைக்கு ஞானத்தாய், சடங்கில் குழந்தையை ஏந்தி நிற்பவள். அடுத்த வருஷம் ஒரு கல் தச்சன் குழந்தைக்கு. பிறகு ஒரு விதவையின் குழந்தைக்கு. மலைமேலிருந்த வீட்டில் கடைசி வரியில் நின்றவளை, கீழே ஆற்றங்கரையில் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குழந்தையைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அவள் கல்யாணமும் அங்கே இல்லை, சாவும் இல்லை. 1874-க்குப் பிறகு அவள் பெயர் எங்குமே வரவில்லை. அமெரிக்கா போயிருக்கலாம், கன்னிமடத்தில் சேர்ந்திருக்கலாம். அனுசூயா எல்லாவற்றையும் தேடினாள். அலுத்துப்போய் விடுவாள், மறுவாரம் மறுபடி போய் உட்காருவாள்.

1973 கோடையில் அரசாங்கம் ஓர் அறிவிப்புச் செய்தது. போன வருஷக் கடைசிக்கு முன்பிருந்தே நாட்டில் இருப்பவர்கள், காகிதம் இல்லாவிட்டாலும், வந்து பதிந்துகொண்டால் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம். இரண்டு மாதம்தான் அவகாசம். இங்கே இருந்ததற்குச் சாட்சி வேண்டும். பிடித்து நாடு கடத்துவதற்கான தந்திரம் இது என்று பலரும் பயந்தார்கள்.

பேப்பரில் பார்த்த மறுநாளே அனுசூயா பஸ் மாறிப் பஸ் ஏறி, கடைசியில் பாலத்தை நடந்தே கடந்து, இல்-பிசார் போய்ச் சேர்ந்தாள். முன்னறிவிப்பில்லாமல் வந்து நின்றவளைப் பார்த்து அம்புஜம் சந்தோஷப்பட்டாள். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கியது. டாக்டர் கையெழுத்துப் போட்டால், இரண்டரை வருஷமாகக் காகிதமில்லாமல் ஆள் வைத்திருந்தோம் என்று அவரே ஒப்புக்கொண்டதாக ஆகாதா? நாளைக்கு அவர் வேலைக்கு ஆபத்து வந்தால்?

"அவ எங்காத்து மனுஷி, அனுசூயா. அவளுக்கு இங்க என்ன குறை?" என்றாள் அம்புஜம்.

அனுசூயா வாதாடவில்லை. குழந்தைகளை அழைத்துக்கொண்டு படகுத்துறை வரை போய் வருகிறேன், தையல்நாயகியும் கூட வரட்டும் என்றாள். அம்புஜத்தால் மறுக்க முடியவில்லை.

கோடையில் அங்கிருந்து ஆற்றின் அக்கரையில் இருக்கும் லாவாலுக்குக் கார்களை ஏற்றிக்கொண்டு ஒரு படகு போய் வரும். குழந்தைகள் அதை வேடிக்கை பார்க்க, இவர்கள் இருவரும் புல்லில் உட்கார்ந்தார்கள். அனுசூயா அறிவிப்பை விளக்கினாள். பேச்சுவாக்கில் 'நீங்க' என்று சொல்லிவிட்டாள். தையல்நாயகி அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னை ஏம்மா நீங்கன்றீங்க?"

"சொல்லணும்னு தோணுச்சு. நீங்க இங்க இருக்க ஆசைப்படறீங்களா, ஊருக்குப் போகணுமா? அதை முதல்ல சொல்லுங்க."

இதுவரை அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை என்பது தையல்நாயகியின் முகத்தில் தெரிந்தது. ஊரில் அம்மா போன வருஷம் தவறிவிட்டாள் என்றாள். தம்பி வீட்டில் போய் நின்றால் கதவைத் திறப்பான், ஆனால் அவன் பெண்டாட்டி சோற்றை அளந்து வைப்பாள். "இருந்தா இங்க இருக்கணும். ஆனா இப்படி ஒளிஞ்சுகிட்டு இல்ல. போலீஸ் காரைப் பார்த்தா கொழந்தையத் தூக்கிகிட்டு மரத்துக்குப் பின்னால போறேன்மா. கொழந்தை அதை வெளையாட்டுன்னு நெனைக்குது."

பெயரில் ஒரு தபால் உண்டா, பாங்குக் கணக்கு உண்டா, டாக்டரிடம் போனதுண்டா என்று அனுசூயா அடுக்கினாள். எதுவும் இல்லை. பல்வலிக்குக்கூட டாக்டர் வீட்டிலேயே மாத்திரை கொடுத்துவிட்டார். தையல்நாயகி சோர்ந்துபோனாள். அனுசூயா எழுந்து தண்ணீர் ஓரமாக நடந்தாள், திரும்பி வந்தாள், மறுபடி நடந்தாள். பிறகு வேறு மாதிரி கேட்டாள். "இந்த வீட்டை விட்டுட்டுத் தனியா எங்கயாவது போயிருக்கீங்களா? யார் வீட்டுக்காவது?"

"எதிர்வீட்டுக் கெழவிகிட்டப் போவேன். மதாம் ழெர்வே. அந்தப் பெரிய பனியில போயி ரெண்டு நாளு அங்கயேதான் இருந்தேன்."

அனுசூயா நின்றுவிட்டாள். எந்தப் பனி?

1971 மார்ச் மாதத்துப் பெரும் புயல். மாண்ட்ரியலில் அதை மறந்தவர் யாரும் இல்லை. கார்கள் பனிக்குள் புதைந்தன, கரண்ட் போனது, டாக்டர்கள் ஆஸ்பத்திரியிலேயே மாட்டிக்கொண்டார்கள். நாகசுப்பிரமணியன் வீட்டில் விறகு அடுப்பு இருந்தது. எதிர்வீட்டில் தனியாக இருந்த ழெர்வே கிழவியின் வீட்டுப் புகைபோக்கியில் புகை வரவில்லை என்பதை ஜன்னல் வழியே தையல்நாயகி கவனித்திருக்கிறாள். அம்புஜம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், கஞ்சியைத் தூக்குப்பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு, இடுப்பளவு பனியில் தெருவைக் கடந்திருக்கிறாள். கிழவி வழுக்கி விழுந்து, கணுக்கால் வீங்கி, எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். தையல்நாயகி அடுப்பை மூட்டி, காலுக்குத் துணி சுற்றி, புயல் ஓயும் வரை கூடவே இருந்தாள். அதிலிருந்து இருவரும் சிநேகம். வேலி ஓரமாக நின்று பேசிப் பேசியே தையல்நாயகிக்குப் பிரெஞ்சு வந்துவிட்டது. இலக்கணமில்லாத, கிழவியின் நாக்கில் புரளும் அதே பிரெஞ்சு.

அன்றே இருவருமாக எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்கள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் தையல்நாயகி மறுத்துவிட்டாள். அம்புஜம்மாவிடம் சொல்லாமல் எங்கும் வரமாட்டேன் என்றாள். என்ன சொன்னாளோ, எப்படிச் சொன்னாளோ, அனுசூயாவுக்குத் தெரியாது. ஒரு வாரம் கழித்து போன் வந்தது. வருகிறேன் என்றாள் தையல்நாயகி. பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டது. அந்த ஒரு வாரத்தில் அனுசூயா ஒரு பக்கம் படிக்கவில்லை. நகரத்தின் பாதியை நடந்தே அளந்திருந்தாள்.

குடியேற்ற அலுவலகத்தில் கூட்டம் தெருவரை நின்றது. ஹெய்ட்டிக்காரர்கள், போர்த்துக்கீசியர்கள், கிரேக்கர்கள், எல்லோர் கையிலும் ஏதோ ஒரு காகிதம். தையல்நாயகி கையில் விசா காலாவதியான பாஸ்போர்ட்டும், பக்கத்தில் தொப்பி அணிந்த மதாம் ழெர்வேயும். அதிகாரி இளைஞர், களைத்திருந்தார். வீட்டு உரிமையாளரின் கடிதம் எங்கே என்று கேட்டார். இல்லை என்றாள் அனுசூயா. சம்பளச் சீட்டு? இல்லை. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

மதாம் ழெர்வே முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். இந்தப் பெண் எழுபத்தொன்று மார்ச்சில் இங்கே இருந்தாள், அன்றிலிருந்து என் எதிர்வீட்டில்தான் இருக்கிறாள், அதற்கு நான் சாட்சி என்றாள். தேதி எப்படி நிச்சயமாகத் தெரியும் என்று அவர் கேட்டார்.

"புயல் அன்றைக்கு என் வீட்டில் இருந்தாள். இவள் வராவிட்டால் நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டேன்."

புயல் என்றதும் அதிகாரியின் முகம் மாறியது. தான் அன்று நெடுஞ்சாலையில் காருக்குள் மாட்டிக்கொண்டு இரவு முழுக்க இருந்ததைச் சொன்னார். பிறகு தையல்நாயகியிடம் நேராகப் பிரெஞ்சில், அந்த வீட்டில் என்ன செய்தாய் என்று கேட்டார். அனுசூயா பதறி மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள் தையல்நாயகி பேச ஆரம்பித்துவிட்டாள். ஈர விறகு பற்றாமல் கிழவியின் பழைய பத்திரிகைகளைக் கிழித்துப் போட்டது, கிழவி கஞ்சியைக் குடித்துவிட்டு உப்பு போதாது என்று திட்டியது, பால்காரனின் வண்டி கூரைவரை மூடிக் கிடந்தது. அவளுடைய பேச்சில் அந்தத் தீவின் மண் ஒட்டியிருந்தது. அதிகாரி சிரித்துவிட்டார். மதாம் ழெர்வேயின் சத்தியப் பிரமாணப் பத்திரத்தை வாங்கி இணைத்தார். முழுப் பெயர் என்ன என்று கேட்டபோது, தையல்நாயகி எழுத்து எழுத்தாகச் சொன்னாள். அவர் தப்பாக எழுதியதைப் பார்த்து, இல்லை என்று தலையசைத்து, மறுபடி சொன்னாள்.

குளிர்காலம் முடிவதற்குள் அனுமதி வந்தது. டாக்டருக்கு ஒரு தொந்தரவும் வரவில்லை. யாரும் அவரைத் தேடி வரவில்லை. ஆனாலும் அவர் ரகுநாதனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அம்புஜம் ஒரே ஒரு தடவை போன் செய்தாள்.

"செத்துப்போனவாளை நீ தேடிண்டு இரு, நான் ஒண்ணும் சொல்லலை. உயிரோட இருக்கிறவா நடுவுல ஏன் வந்தே? பிரசவத்துல எனக்கு ஜுரம் அடிச்சப்போ என் தலைமாட்டுல உட்கார்ந்திருந்தவ அவ. அவளுக்கு நான் எழுதிக் கொடுத்திருக்க மாட்டேன்னு நீ நெனைச்சியா? அவரை நான் சம்மதிக்க வச்சிருப்பேன். எனக்கு அவகாசம் கொடுத்தியா நீ?"

அது உண்மையாகவும் இருக்கலாம் என்று அனுசூயாவுக்குத் தோன்றியது. பதில் சொல்வதற்குள் அம்புஜம் போனை வைத்துவிட்டாள். அடுத்த தீபாவளிக்கு ரகுநாதன் ஜான்-டலோன் சந்தையிலிருந்து காய்கறி வாங்கி வந்தார். இருவர் மட்டும் சாப்பிட்டார்கள். அவர் அவளைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அனுசூயா எதிர்பார்த்தபடி தையல்நாயகி அந்த வீட்டை விட்டு உடனே கிளம்பவும் இல்லை. கிளம்பினால்தான் விடுதலை என்று இவள் போனில் படபடத்தாள். சின்னவன் பள்ளிக்கூடம் போகும் வரை இருப்பேன், அவன் என்னிடம்தானே தூங்குகிறான் என்றாள் அவள். சொன்னபடியே இருந்தாள். சின்னவன் பள்ளி சேர்ந்த பிறகு, மதாம் ழெர்வே வீட்டு மாடியில் ஓர் அறையை எடுத்துக்கொண்டு, பாலத்துக்கு அக்கரையில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். அம்புஜம் வீட்டுக்குப் போகவர இருந்தாள். பண்டிகை நாட்களில் அங்கே முன்னறையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று யாரோ சொல்லக் கேட்டபோது, அனுசூயாவுக்குச் சந்தோஷமும் வந்தது, ஒரு பொறாமையும் வந்தது. அந்த வீட்டு வாசலைத் தன்னால் மிதிக்க முடியவில்லையே.

ஆராய்ச்சி நகரவில்லை. ஹனோரா 1874-லேயே நின்றிருந்தாள். ஹாலிடே ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்டார். ஒரு நாள் அனுசூயா டேப் ரிக்கார்டரை எடுத்துக்கொண்டு தையல்நாயகியிடம் போனாள். உங்கள் கதையை முதலிலிருந்து சொல்லுங்கள், முன்னுரையில் சேர்க்கிறேன் என்றாள். தையல்நாயகி மெஷினைப் பார்த்தாள்.

"வேணாம்மா."

"பேரை மாத்திப் போடறேன். யாருக்கும் தெரியாது."

"பேரை மாத்துனா அது நான் இல்லியே. பேரோட போட்டா அம்புஜம்மாவப் பத்தி நாலு பேரு பேசுவாங்க. அந்தப் பொண்ணு யாரு, ஹனோராவா, அதுகிட்ட நீங்க கேட்டுக்கிட்டா எழுதுறீங்க? அது செத்துப்போச்சு, வேணாம்னு சொல்ல முடியாது. நான் சொல்லுவேன்ல."

அனுசூயா மெஷினைப் பைக்குள் வைத்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தாள். கால் வலிக்கும் வரை நடந்தாள்.

1977-இல் ரகுநாதனின் கம்பெனி டொராண்டோவுக்கு மாறியது. மாகாணத்தில் பிரிவினைக் கட்சி ஆட்சிக்கு வந்த பிறகு பல கம்பெனிகள் மாறிக்கொண்டிருந்தன. முடிக்காத ஆராய்ச்சியை என்ன செய்வது என்று அனுசூயா கேட்டாள். அங்கேயும் பல்கலைக்கழகம் இருக்கிறதே என்றார் அவர். அங்கே ஹனோரா இல்லை என்றாள். நீ இங்கே இருந்து முடித்துவிட்டு வா, நான் வாரக் கடைசியில் ரயிலேறி வருகிறேன் என்றார் ரகுநாதன். அப்படி ஒன்றை அவர் சொல்லக்கூடும் என்று அவள் நினைத்ததே இல்லை. பெரிய ஃபிளாட்டைக் காலி செய்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒற்றை அறை ஒன்றைப் பார்த்துக்கொண்டாள்.

சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த சனிக்கிழமை தையல்நாயகி வந்தாள். பூப்போட்ட புடவையும் அதன்மேல் மழைக்கோட்டும். பஸ்ஸில் தனியாக வந்திருந்தாள். பெட்டிகளுக்கு நடுவே ஒரு நாற்காலியைக் காலி செய்து அனுசூயா அவளை உட்கார வைத்து, காப்பி போட்டாள். ஃபில்டர் எந்தப் பெட்டிக்குள் போனது என்று தெரியாமல், கடைக் காப்பிப்பொடியைத்தான் கலக்க வேண்டியிருந்தது. தையல்நாயகி அதைக் குடித்துவிட்டு, நன்றாக இல்லை என்று சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். முதியோர் இல்லத்தில் தன்னைத் தலைமைச் சமையல்காரியாகப் போட்டிருக்கிறார்கள், கிழவர்களுக்கு வாரம் ஒரு நாள் ரசம் கொடுக்கிறேன், சூப் என்று நினைத்துக் குடிக்கிறார்கள் என்றாள். மதாம் ழெர்வேக்குக் கண் மங்கிவிட்டது என்றாள். அம்புஜம் விசாரித்ததாகச் சொல்லவில்லை. அனுசூயாவும் கேட்கவில்லை.

புறப்படும்போது தையல்நாயகி டம்ளரை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனாள். அனுசூயா தடுக்கப் போனாள்.

"நான் குடிச்சதுதானே" என்று அதை மட்டும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டாள் தையல்நாயகி. தொட்டியில் கிடந்த மற்ற பாத்திரங்களை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று படியிறங்கிப் போய்விட்டாள்.

அனுசூயா ஜன்னலுக்குப் போய் அவள் தெருவைக் கடப்பதைப் பார்த்தாள். பிறகு பெட்டியைக் கட்ட உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.